சனிக்கிழமைச் சம்பளமும் திங்கட்கிழமைச் சம்பளமும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நடுவில் எழுந்து ஓடுகிறவர்களை இப்போது என்னால் ஒன்றும் செய்ய முடியாது, பிரம்பைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஹோட்டல் நடத்துகிற தம்பி ஒருவன், "ஆளே கிடைக்கறதில்லைங்க சார், பத்துப் பேர் வேலையை நாலு பேரை வெச்சு ஓட்டறேன்" என்று எழுதினான். பல வருடம் சர்வராக இருந்துவிட்டு இப்போது ஆட்டோ ஓட்டுகிற இன்னொரு தம்பி, "ஒழுங்காச் சம்பளம் குடுத்தா ஏன் வரமாட்டாங்க" என்று கேட்டான். அதற்கப்புறம் வார்த்தை தடித்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். இருவருமே தங்கள் அனுபவத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் நம் திருப்பூர்ப் பக்கம் ஹோட்டல் கூலி எப்படி உருவானது, அது ஏன் வாரக்கூலியானது, இப்போது ஏன் மறுபடியும் மாதச் சம்பளமாக மாறிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் அந்தச் சண்டைக்கே வேறு அர்த்தம் வரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊரின் வாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளியூரில் இருக்கிற உறவினர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூரில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதில்லை, சனிக்கிழமை சாயங்காலம் தொடங்குகிறது. பனியன் கம்பெனியில் கணக்கு ஷிப்ட் கணக்கு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலையில் போய் இரவு எட்டு மணி வாக்கில் வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். வாரத்தில் எத்தனை ஷிப்ட் என்று கூட்டி, சனிக்கிழமை கையில் பணம். டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள், கைமடி போடுகிற சின்ன வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே சனிக்கிழமைதான். மளிகைக் கடைப் பற்று, வீட்டு வாடகைப் பாக்கி, சீட்டுப் பணம், சினிமா எல்லாமே அந்தச் சாயங்காலத்தை நம்பித்தான்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி அன்று ராத்திரியே ஹோட்டல் கல்லாப்பெட்டிக்கு வந்துவிடும். புரோட்டாக் கல் சனிக்கிழமை இரவு ஆறுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், குடும்பத்தோடு வந்து பிரியாணி சாப்பிடுவார்கள். அதனால் ஹோட்டல்காரர்கள் தங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுப்பதில்லை. நான் பார்த்த பல கடைகளில் திங்கட்கிழமை காலை, டிபன் நேரம் முடிந்த பிறகுதான் கணக்குப் பார்ப்பார்கள். காரணம் இரண்டு. ஒன்று, ஞாயிறு வசூல் வந்தபிறகுதான் முதலாளி கையில் முழுப்பணம் இருக்கும். இரண்டாவது காரணத்தை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். சனிக்கிழமை பணம் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வரமாட்டார். ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்.

ஆக ஒரே பணம்தான். சனிக்கிழமை பனியன் கம்பெனியிலிருந்து தொழிலாளி கைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் கல்லாவுக்குப் போய், திங்கட்கிழமை சர்வர் சட்டைப்பைக்கு வருகிறது. பனியன் ஆர்டர் இளைத்தால் இரண்டு நாள் கழித்து ஹோட்டலும் இளைக்கும். இந்த ஊரில் ஹோட்டல் கூலியை நிர்ணயிப்பது ஹோட்டல் முதலாளி மட்டும் அல்ல, எதிரில் இருக்கிற பனியன் கம்பெனியும்தான். மேஜை துடைக்கிற பையனுக்கு ரோட்டைத் தாண்டினால் ஹெல்பர் வேலை இருக்கிறது. அந்த ஹெல்பர் கூலி ஏறினால் இங்கேயும் ஏற்றித்தான் ஆக வேண்டும். நெசவு நடக்கிற ஊர்களிலும் பட்டாசு நடக்கிற ஊர்களிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஆதியில் ஹோட்டல் வேலையில் வாரக்கூலி என்ற பேச்சே கிடையாது. மாதச் சம்பளம், அதுவும் சாப்பாடு போக.

நம் உறவினர்களில் பெரியவர்களுக்குத் தெரியும், என் தாய்மாமா ஒருவர் வாழ்நாள் முழுக்க ஹோட்டலிலேயே இருந்தவர். 1950களின் கடைசியில், பதின்மூன்று வயதில், ஒரு மிலிட்டரி ஹோட்டலில் மேஜை துடைக்கப் போனார். மிலிட்டரி ஹோட்டல் என்றால் இப்போதைய பிள்ளைகள் பட்டாளத்துக் கேன்டீன் என்று நினைப்பார்கள். கறிச்சாப்பாடு போடுகிற கடைக்கு அந்தக் காலத்துப் பெயர் அது. ஏன் அங்கே போனார் என்றால், சைவ ஹோட்டல் சமையல்கட்டுக்குள் எல்லோரும் நுழைந்துவிட முடியாது. யார் சமைக்கலாம், யார் பரிமாறலாம், யார் எச்சில் இலை எடுக்கலாம் என்பதை அப்போது சாதிதான் தீர்மானித்தது. சமையல்கட்டில் இருந்தவருக்கு ஒரு சம்பளம், இலை எடுத்தவருக்கு ஒரு சம்பளம். 'பிராமணாள்' என்று பலகை போட்ட ஹோட்டல்களுக்கு எதிராகச் சென்னையில் 1957இல் பெரியார் மறியல் நடத்தினார். அதை வெறும் பெயர்ப்பலகைச் சண்டை என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு கூலிப் பட்டியலும் இருந்தது என்பது என் கருத்து.

மாமா மேஜை துடைப்பதிலிருந்து மாவாட்டுவதற்கு உயர்ந்தார். ஆமாம், அது உயர்வுதான். சாயங்காலம் உட்கார்ந்தால் ராத்திரி வரைக்கும் ஆட்டுக்கல்லைச் சுற்ற வேண்டும். தோள்பட்டை போய்விடும். கோவையில் சபாபதி என்பவர் 1955இல் ஆட்டுக்கல்லை மோட்டாரில் ஓடவைத்துக் கிரைண்டரைக் கொண்டுவந்தார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று இன்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறதே, அதன் ஆரம்பம் அது. ஹோட்டல்களில் அது பரவப் பரவ மாவாட்டி என்கிற வேலையே மறைந்தது. தோள்வலி மிச்சம், வேலையும் மிச்சம் இல்லை. மாமா சாமர்த்தியசாலி, அதற்குள் கல்லுக்கு முன்னால் நின்று தோசையும் புரோட்டாவும் பழகி மாஸ்டர் ஆகிவிட்டார். பழகாதவர்கள் பாத்திரம் கழுவப் போனார்கள்.

அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஒரு பக்கம் 'வரவு', ஒரு பக்கம் 'அட்வான்ஸ்'. அட்வான்ஸ் பக்கம்தான் அதிகம் நிரம்பியிருக்கும். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியது, ஆடிக்கு வாங்கியது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வாங்கியது. மாதக் கடைசியில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். சில மாதம் மீதியே இருக்காது. உடைந்த கண்ணாடி டம்ளருக்கும் பிடித்தம் உண்டு. இன்னொரு கடையில் கூடுதல் சம்பளம் தருகிறேன் என்று கூப்பிட்டாலும் அட்வான்ஸை அடைக்காமல் போக முடியாது. கடைசியாக வேலை பார்த்த கடையை விட்டு அவர் நின்றபோது, பிடித்து வைத்திருந்த ஒரு மாதச் சம்பளம் கடைசிவரை வரவில்லை. நானே இரண்டு தடவை அவரோடு போய்ப் பார்த்தேன். "முதலாளி வெளியூர் போயிருக்காரு" என்ற பதில்தான் இரண்டு தடவையும். அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

மாதச் சம்பளத்தின் கோளாறு இது. வேலையை முதலில் வாங்கிக்கொண்டு முப்பது நாள் கழித்துப் பணம் கொடுத்தால், அந்த முப்பது நாளும் தொழிலாளிதான் முதலாளிக்குக் கடன் கொடுக்கிறார். வட்டியில்லாக் கடன். அந்த இடைவெளியில் அவர் மளிகைக் கடையில் கடன் வாங்குவார், அது வட்டியுள்ள கடன். இதைப் புரிந்துகொண்டவர்கள் அப்போதே இருந்தார்கள். 1925இல் டில்லி சட்டசபையில் 'வாரக்கூலி மசோதா' என்றே ஒன்று கொண்டுவரப்பட்டது. மாதம் ஒருமுறை கொடுக்காமல் வாரம் ஒருமுறை கூலி கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அரசாங்கம் இதைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று உறுதி சொல்லி அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். 1929இல் ராயல் கமிஷன் போட்டார்கள், 1931இல் அறிக்கை வந்தது, 1936இல்தான் கூலி கொடுப்புச் சட்டம் வந்தது. அதிலும் வாரம் கட்டாயமாகவில்லை. கூலிக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது, ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும், இஷ்டத்துக்குப் பிடித்தம் கூடாது என்பவைதான் கிடைத்தன. அதுவும் முதலில் தொழிற்சாலைக்கும் ரயில்வேக்கும்தான். டம்ளர் உடைத்த ஹோட்டல் பையன் அந்தச் சட்டத்துக்குள் இல்லை.

அதற்காக ஹோட்டல் தொழிலாளியைச் சட்டம் அடியோடு மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1942இல் வார விடுமுறைச் சட்டம் என்று ஒன்று வந்தது. கடைகள், உணவு விடுதிகள், தியேட்டர்கள் மூன்றையும் பெயர் சொல்லி, வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை, அதற்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது என்றது. மாகாண அரசு விரும்பினால் அமலாக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் கடைகள் நிறுவனங்கள் சட்டம். 1958இல் ஹோட்டல்களுக்கென்றே தனியாக உணவு நிறுவனங்கள் சட்டம். வாரம் 48 மணி நேரம், வார விடுமுறை எல்லாம் அதில் இருக்கிறது. மாமா வேலைக்குப் போன அதே காலத்தில் வந்த சட்டம். அவர் வாழ்நாளில் அதன் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது அதன் முதல் அட்டவணையில் அரிசி ஆலை, பீடி, தோட்டம், எண்ணெய் ஆலை, சாலை போடுதல், கல் உடைத்தல், தோல் பதனிடுதல் எல்லாம் இருந்தன. ஹோட்டல் இல்லை. மாநில அரசுகள் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது, நம் மாநிலம் பின்னால் சேர்த்தது. இன்று நம் ஹோட்டல் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் அதன்மேல் அகவிலைப்படியும் உண்டு. அந்தப் படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1ஆம் தேதி மாறும். எதை வைத்து மாறும் தெரியுமா? சென்னை நகரத்து விலைவாசிக் குறியீட்டை வைத்து. திருப்பூர் மாஸ்டரின் படி சென்னைக் கத்தரிக்காய் விலையைப் பார்த்து ஏறுகிறது!

இனி பள்ளிக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் உள்ள உண்மையான அக்கறை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து 1983இல் வேலைக்குச் சேர்ந்தேன். வருகைப் பதிவேட்டில் ஒரு வழக்கம் கவனித்தேன். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வந்த பையன்களில் சிலர் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு வரமாட்டார்கள். விசாரித்தால் பேக்கரியில், டீக்கடையில், ஹோட்டலில் இருப்பார்கள். அம்மாக்களைக் கேட்டால் சம்பளத்தைப் பற்றி முதலில் பேசமாட்டார்கள். "மூணு வேளைச் சோறு போடறாங்க சார்" என்பார்கள். அந்தப் பதில் எனக்குப் பெரிய பாடம். ஹோட்டல் கூலியில் மிகப் பெரிய பங்கு ரூபாயே இல்லை, சோறு. பையன் கொண்டுவருகிற சில்லறையைவிட, வீட்டில் ஒரு வயிறு குறைகிறது என்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு லாபம்.

அப்படியானால் ஹோட்டலோடு போட்டி போட வேண்டியது பள்ளிக்கூடப் பாடம் அல்ல, பள்ளிக்கூடச் சோறு. 1950களில் காமராஜர் தொடங்கியது தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் அது சின்னக் குழந்தைகளுக்குத்தான். 1984 செப்டம்பரில்தான் 10 முதல் 15 வயது வரை நீட்டித்தார்கள். இந்த வயதை மறுபடி படியுங்கள். 10 முதல் 15. மேஜை துடைக்கிற வயது அதுதான். சத்துணவைப் பற்றி எழுதுகிறவர்கள் எடை, உயரம், வருகை என்று எழுதுகிறார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து பையன்களை இழுத்து வந்ததைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. ஒரு வேளைதான், பள்ளி நாளில் மட்டும்தான், ஆனாலும் அந்த அம்மாக்களிடம் பேச எனக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் வந்தார்கள். இந்தப் பதிவைப் படிக்கிறவர்களிலேயே அவர்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

சட்டம் வெகு மெதுவாக வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது சில அபாயகரமான தொழில்களில் மட்டும்தான் தடை. ஹோட்டலும் டீக்கடையும் தாபாவும் தடைப் பட்டியலில் சேர்ந்தது 2006 அக்டோபர் 10ஆம் தேதி முதல். இருபது வருட இடைவெளி! அந்த இருபது வருடத்தில் நான்கு தலைமுறை ஆறாம் வகுப்புப் பையன்கள் பெரியவர்களாகிவிட்டார்கள். 2016இல் திருத்தம் செய்து 14 வயதுக்குட்பட்ட யாரையும் எந்தத் தொழிலிலும் வைக்கக்கூடாது என்றார்கள், குடும்பத் தொழிலுக்கு விலக்கு வைத்து. பையன்கள் போனபிறகு அவர்கள் செய்த வேலைக்குப் பெரிய ஆளைத்தானே வைக்க வேண்டும்? அப்போதுதான் ஹோட்டலில் அடிமட்டக் கூலி நிஜமாக ஏறியது. இதை ஹோட்டல்காரத் தம்பி ஒத்துக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

இனி வாரக்கூலி எப்படி வந்தது என்று சொல்கிறேன். 1980களில் பனியன் ஏற்றுமதி வளர வளர இந்த ஊரில் ஆள் தேவை பெருகியது. மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். சனிக்கிழமை காசு கிடைக்கிற ஊரில் மாதக் கடைசிவரை காத்திரு என்றால் எவன் காத்திருப்பான்? மாஸ்டர்கள்தான் முதலில் கேட்டார்கள். புரோட்டா மாஸ்டருக்கு நாள் கூலி, சில கடைகளில் மைதா கிலோவுக்கு இவ்வளவு என்றும் பேச்சு. அவருக்குக் கொடுத்தபிறகு சர்வர் கேட்டார், பிறகு கிளீனர். அரசாங்கம் சட்டம் போட்டு வராத வாரக்கூலி, எதிர்க் கம்பெனியின் சனிக்கிழமையால் வந்தது. யூனியன் வைத்துக் கேட்ட இடங்கள் ஹோட்டல் தொழிலில் குறைவு. ஒரு கடையில் எட்டுப் பேர், பத்துப் பேர், அதில் மூன்று பேர் முதலாளியின் சொந்தக்காரர். எங்கே சங்கம் வைப்பது?

பனியன் தொழிலாளர்கள் சங்கமாக நின்றார்கள். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த நாலு மாதமும் எங்கள் பள்ளி அருகே இருந்த டீக்கடைகளில் பற்று நோட்டு தடித்துக்கொண்டே போனதைப் பார்த்தேன். நிறுத்தம் செய்தவர்களுக்குக் கடைசியில் படி கிடைத்தது. அவர்களுக்குக் கடனுக்கு டீ கொடுத்த கடையில் வேலை பார்த்தவருக்கு அந்த நாலு மாதம் என்ன கிடைத்தது என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. 2011 ஜனவரியிலும் இதே போல. நொய்யல் நாசமானதற்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆற்றுக்காக அந்த உத்தரவு தேவைதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பட்டறை ஆட்கள் ஊருக்குக் கிளம்ப, அவர்களை நம்பியிருந்த மெஸ்களில் ஒரு நேரச் சமையல் நின்றது. 2020 மார்ச் ஊரடங்கில் பார்சல் மட்டும் என்றானபோது சர்வர் என்ற வேலைக்கே பொருளில்லாமல் போயிற்று. குழுவில் சண்டை போட்ட ஆட்டோக்காரத் தம்பி சர்வர் வேலையை விட்டது அப்போதுதான்.

டிப்ஸ் பற்றிச் சொல்லாவிட்டால் சர்வர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். சீரகத் தட்டில் வைக்கிற சில்லறை. "டிப்ஸ் வருதில்ல, அப்புறம் எதுக்குச் சம்பளம் ஏத்தணும்" என்பது பழைய வாதம். ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஹோட்டல் வழக்கில் 1976இலேயே உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. டிப்ஸ் வாடிக்கையாளர் கொடுப்பது, சம்பளம் முதலாளி கொடுப்பது, இதைக் காட்டி அதைக் குறைக்க முடியாது. 2016இலும் வருமான வரி வழக்கு ஒன்றில், டிப்ஸ் முதலாளி தருகிற சம்பளம் ஆகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. இப்போது வழக்கே தேவையில்லை. எல்லோரும் போனில் ஸ்கேன் செய்து 187 ரூபாய் என்றால் 187 ரூபாயே அனுப்புகிறோம். மீதி 13 ரூபாய் என்ற ஒன்று இல்லை. தட்டில் சீரகம் மட்டும் இருக்கிறது. சர்வரின் வாரத்திலிருந்து இந்தப் பணம் சத்தமில்லாமல் போய்விட்டது. அதை ஈடுகட்டிச் சம்பளத்தை உயர்த்திய கடைகளை நான் அதிகம் பார்க்கவில்லை.

சரி, கணக்குப் பாடம். பேப்பர் எடுங்கள். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர்த் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

ஒருவர் நாளுக்கு 12 மணி நேரம், வாரம் ஏழு நாள் வேலை செய்கிறார். மொத்தம் 84 மணி. சட்டப்படி வாரம் 48. மிகை நேரம் 36. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது நம் நாட்டுத் தொழிற்சட்டங்களின் பொது வழக்கம். எனவே 36ஐ 72 என்று வைக்க வேண்டும். 48உம் 72உம் 120. அவருக்கு நாள் 700 ரூபாய் என்றால் வாரம் 4,900. அதை 84ஆல் வகுத்தால் மணிக்கு 58 ரூபாய்க்குச் சற்று மேல். 120ஆல் வகுத்தால் 41 ரூபாய்க்குக் கீழே. நாள் 700 என்று கேட்கும்போது நல்ல சம்பளமாகத் தெரிகிறது. எதிர்க் கம்பெனியில் அதே 12 மணி நேரத்துக்கு ஒன்றரை ஷிப்ட் என்று எழுதுகிறார்கள், ஞாயிறு விடுமுறையும் இருக்கிறது. ஹோட்டலில் 12 மணிக்கும் ஒரு நாள்தான்.

ஹோட்டல்காரத் தம்பி இங்கே கை தூக்குவான். "சார், நடுவுல மூணு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் ரெஸ்ட் குடுக்கறோம், சாப்பாடு போடறோம், ரூம் குடுக்கறோம்." நியாயமான கேள்விதான். ஹோட்டலுக்கு அவசரம் மூன்று நேரம், காலை, மதியம், இரவு. மூன்றுக்கும் தனித்தனி ஆள் வைத்தால் கடை தாங்காது, அதனால் ஒரே ஆளின் நாளை மூன்றாக உடைக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய் வர முடியுமா? பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வர முடியுமா? ஹோட்டலில் வேலை பார்த்த தகப்பன்மார் ஒருவரைக்கூட நான் பெற்றோர் கூட்டத்தில் பார்த்ததில்லை. சாப்பாடும் கணக்கில் வரட்டும், ஆனால் தொழிலாளிக்கு மட்டும்தான் அந்தச் சாப்பாடு. 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு அளவு வைத்தது. ஒரு சம்பாத்தியத்தில் மூன்று பேர் அளவுக்கு உணவு, ஒருவருக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருடம் 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருள் செலவுகள். 1991இல் நம் சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் வழக்கில், ரெப்டகோஸ் பிரெட் வழக்கு என்பார்கள், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமை, கல்யாணம் இவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 சதவீதம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கடையில் போடுகிற மூன்று வேளைச் சோறு இதில் எதையும் வீட்டுக்குக் கொண்டு போகாது. ரூம் வசதியிலும் ஒரு சிக்கல் உண்டு. வேலை போனால் அன்றைக்கே படுக்கவும் இடம் போய்விடும். அப்படிப்பட்டவன் எப்படிச் சம்பளம் கூட்டிக் கேட்பான்?

காய் நறுக்குகிற, பாத்திரம் கழுவுகிற பெண்களைப் பற்றி யாருமே குழுவில் பேசவில்லை. அவர்களுக்கு ரூம் கிடையாது, வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். டிப்ஸ் கிடையாது, பின்கட்டில் இருக்கிறார்கள். சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்தது. ஆனால் பின்கட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'வேறு வேறு வேலை' என்று பெயர் வைத்துவிட்டால் சட்டம் உள்ளே வராது. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா அப்படிப் பாத்திரம் கழுவித்தான் அவளை நர்சிங் படிக்க வைத்தார். வாரம் வாரம் வந்த கூலியில் ஒரு பகுதியைச் சீட்டுக்குக் கட்டினார். "மாசச் சம்பளமா இருந்தா இது முடிஞ்சிருக்காதுங்க சார்" என்று அவரே சொன்னார்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் நம் ஹோட்டல்களுக்கு வந்துவிட்டார்கள். தோசை வார்க்கிற வேகத்தைப் பார்த்தால் நம் ஊர் மாஸ்டர் தோற்பார். அவர்களில் பலருக்கு வாரக்கூலி வேண்டாம். இங்கே செலவு செய்ய ஒன்றும் இல்லை, மாதம் ஒருமுறை மொத்தமாக ஊருக்கு அனுப்ப வேண்டும். ஏஜென்ட் மூலம் வந்தவர்களுக்கு வரும்போதே அட்வான்ஸ். தங்கல் கடையின் மேல்மாடியில். மாதக் கணக்கு, அட்வான்ஸ், சாப்பாடு போகச் சம்பளம். இதைக் கேட்டபோது எனக்கு மாமாவின் நோட்டுதான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை ஊர் போராடி நகர்த்திய ஒன்று, ஆள் மாறியதும் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது, தொழிலாளர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ரோட்டைத் தாண்டி வேறு வேலைக்குப் போனால் அட்வான்ஸ் இருக்கிறது. "ஆள் கிடைக்கவில்லை" என்பதன் பொருள் இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. ரோட்டைத் தாண்டிப் போக முடிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

ஹோட்டல்காரத் தம்பிக்கு ஒன்று சொல்லவேண்டும். உன் லாபம் எவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியும். எண்ணெய் விலை, கேஸ் விலை, வாடகை, ஆர்டர் கொண்டுபோகிற கம்பெனிகளின் கமிஷன் எல்லாம் உன் தலையில்தான் விடிகிறது. சம்பளத்தை இரண்டு மடங்காக்கு என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடு, அதற்கு ஆள் சுழற்சி போடு. ஈ.எஸ்.ஐ.யில் பெயரைச் சேர். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற கடைக்கு அது கட்டாயம், தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், உன் பங்கு மூன்றேகால். அடுப்படியில் சுடுஎண்ணெய் கொட்டிக்கொண்டவனை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு உன்னிடம் ஒரு பதில் இருக்கும். ஆட்டோக்காரத் தம்பி, உன் கோபம் சரி. ஆனால் முதலாளியைத் திட்டுகிற நேரத்தில் உன் பழைய கடையில் இப்போது இருக்கிற ஒடியாப் பையனுக்கு அந்த ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வா. உன் ஆட்டோவிலேயே போய்விடலாம்.

வெளியூரில் இருக்கிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் ஊரில் ஹோட்டல் ஆட்களுக்கு எந்த நாளில் சம்பளம் கொடுக்கிறார்கள்? சனிக்கிழமையா, திங்கட்கிழமையா, மாதக் கடைசியா? சாப்பிடப் போகும்போது பரிமாறுகிறவரிடம் கேட்டுவிட்டு, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம். சில்லறை வைத்துவிட்டு வாருங்கள்.